முதலாளியைக் கூப்பிடுங்க!

உலகத்தில் ஆபத்தான மனிதர்கள் பல வகை. அவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர், "நல்ல ஓட்டல் ஒண்ணு எனக்குத் தெரியும், வாங்க" என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடப்பவர். அவருக்குப் பின்னால் பசியோடு போனவர்களில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் குறைவு. இதை நான் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால் முன்னால் நடந்தவனே நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (அதாவது, சேலத்தில் எந்த ஓட்டலில் எத்தனை மணிக்கு எது சூடாகக் கிடைக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்). வீட்டில் அப்போது எல்லோருக்கும் ஒரே கவலை, சாந்தி அக்காவின் கல்யாணம். இரண்டு வரன்கள் தாம்பூலம் மாற்றப்போகும் நேரத்தில் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக நாமக்கல்லில் இருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை மோகன், ஈரோட்டில் ஒரு பஞ்சாலையில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்துவிட்டு அக்கா எதுவும் சொல்லவில்லை, ஆனால் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அம்மா அதிலேயே பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி அம்மாள் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏனுங்க, உங்கூட்டுக்கு வந்து பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்னுபோட்டு, அப்பறம் வேண்டாம்னு சொன்னா அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடுமுங்க? முடிவாகற வரைக்கும் நாங்க உங்கூட்டுல கை நனைக்க மாட்டோமுங்க. பொதுவா ஒரு எடத்துல பாத்துக்கலாம்."

நியாயமான பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால், பாதிச் சம்மதம் சொன்ன மாதிரி. பொது இடம் எது என்று யோசித்தபோது ஏற்காட்டுக் கோடை விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, கரையோரம் ராட்டினம், குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி. இரண்டு குடும்பமும் பொழுதுபோக்க வந்த மாதிரியும் இருக்கும், பெண் பார்த்த மாதிரியும் இருக்கும். மதியச் சாப்பாடு மட்டும் ஒரு ஓட்டலில். அந்த ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அப்பா சொன்னார்: "நீ இத்தன நாளா ஓட்டல் ஓட்டலாச் சுத்துனதுக்கு இன்னிக்குத்தான் ஒரு பிரயோசனம் வந்திருக்குது. கெடுத்துப்போடாத."

அம்மா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: "சாமி, இந்த எடமாச்சும் அமையோணும்டா."

நான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் முன்பே பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போய், ஒரே நாளில் நாலு இடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். (அன்றைக்கு ராத்திரி மோர் மட்டும்தான் இறங்கியது.) ராஜாமணி அம்மாள் கவிச்சி வாடை அடிக்கும் இடத்தில் உட்கார மாட்டார், வாழையிலை இல்லாமல் சாப்பிட மாட்டார் என்று தரகர் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாம்பார் ஆறிப்போயிருந்தது. ஏரிக்கரை ஓட்டலில் பக்கத்து மேஜையில் கோழி வந்தது. மேலே ஒரு லாட்ஜில் தலைப்பாகை கட்டிய சர்வர் மெனு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை.

நாலாவதாகக் கண்டுபிடித்ததுதான் அர்த்தநாரி மெஸ். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்பக்கம் மெஸ்ஸும் பின்பக்கம் வீடுமாக இருந்தது. போர்டு கிடையாது. (போர்டு இல்லாத ஓட்டலில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது என் சித்தாந்தம். இப்போது அதைக் கைவிட்டுவிட்டேன்.) முதலாளி அர்த்தநாரி தானே பரிமாறினார். அந்த வத்தக்குழம்பை நான் விவரிக்கப்போவதில்லை, இன்றும் நாக்கில் நிற்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என் தோளைத் தட்டினார்.

"பொண்ணு பாக்க வர்ற கூட்டமா? நொம்ப சந்தோசம் கண்ணு. நீ கூட்டிக்கிட்டு மட்டும் வா. நானிருக்கறேன்."

அந்த வாக்கை நம்பித்தான் இறங்கி வந்தேன்.

குறித்த நாளில் இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் அக்காவுக்கு ஆகாது. அதனால் அம்மா ஒரு பெரிய பையில் மாற்றுத் துணி எடுத்து வந்திருந்தாள். அக்காவுக்கு மட்டுமில்லை, யாருக்கு எப்போது குமட்டுமோ என்று புடவை, வேட்டி, லுங்கி, துண்டு எல்லாம் அதில் இருந்தன. "ஒரு நாள் போயிட்டு வர்றதுக்கு ஊட்டையே காலி பண்ணிட்டு வந்திருக்கறா" என்று அப்பா முணுமுணுத்தார். அதிசயமாக, அன்றைக்கு யாரும் வாந்தி எடுக்கவில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி வந்தாள். இரண்டு சீட்டு தள்ளி மோகனும் அதே மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன்.

மேலே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பூவைப் பார்த்தோம். படகில் போனோம். ராட்டினம் உச்சிக்குப் போனபோது ராஜாமணி அம்மாள் என் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் பசிக்க ஆரம்பித்தது. மோகனின் அப்பா மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"வேண்டாங்க மாமா. வயித்தக் கெடுத்துக்காதீங்க. மெஸ்ஸுல சொல்லி வெச்சிருக்கறேன்."

வழியில் இருந்த ஒவ்வொரு ஓட்டலையும் ஒரு வாக்கியத்தில் கொன்றுகொண்டே நடந்தேன். "இங்க சாம்பாரு ஆறிப்போயிருக்குமுங்க." "இது சீசன் வந்தா தொறக்கறவன்." "இவனுக்கு ரசம்னா என்னன்னே தெரியாது." பன்னிரண்டு பேர் பசியோடு என் பின்னால் வந்தார்கள்.

சந்தில் திரும்பியதும் மெஸ்ஸுக்கு முன்னால் கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? சீசன் கூட்டம் தாங்காம பந்தல் போட்டிருக்கறாரு."

வாசலில் மொட்டை அடித்த ஒருவர் கைகூப்பி நின்றார். பழனிக்குப் போய்விட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னொரு மொட்டை. குடும்பத்தோடு போயிருப்பார்கள். நானும் கைகூப்பி, "சேலத்துல இருந்து வர்றோமுங்க. பெரியவருகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன்" என்றேன். அந்த மனிதர் கண் கலங்கி என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு தூரத்துல இருந்தா? உக்காருங்க. சாப்புட்டுட்டுப் போங்க."

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. "வாங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கடன் கேட்டு வருகிறவனைக்கூட மூன்று முறை 'வாங்க' சொல்லாமல் விடமாட்டார்கள். மெஸ்ஸுக்குக் கூட்டம் அதிகமானதும் மரியாதை போய்விட்டது பாருங்கள் என்று மனதுக்குள் மார்க் குறைத்தேன்.

உள்ளே வரிசையாக இலை போட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலியில் மாலை போட்ட படம் இருந்தது. முன்னால் நின்றவர்கள் மறைத்ததில் எனக்கு மாலையும் ஊதுபத்திப் புகையும் மட்டுமே தெரிந்தன. நம் ஊரில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்தாபகர் படமும் மாலையும் இல்லாத ஓட்டல் உண்டா? மோகனின் அப்பாவிடம் காட்டினேன். "பரம்பரை மெஸ்ஸுங்க மாமா. பாருங்க, படம் வெச்சிருக்கறாங்க."

சாப்பாடு வந்தது. அதே வத்தக்குழம்பு. ராஜாமணி அம்மாள் ஒரு கவளம் வாயில் வைத்ததும் முகம் மாறியது. இரண்டாம் தடவை குழம்பு கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஆசீர்வாதம் பண்ணினாள். பிறகு கீரை வந்தது.

"ஏனுங்க தம்பி, ஓட்டல்ல அகத்திக்கீரை போடுவாங்களா?" என்றார் ராஜாமணி அம்மாள்.

"மலைக் கீரைங்கம்மா. ஒடம்புக்கு நல்லதுங்க."

"பாவக்காயும் வெச்சிருக்கறாங்களே?"

"சக்கரைக்கு நல்லதுங்க."

அவர் மேலும் கேட்பதற்குள் நிலைமையை என் கையில் எடுத்துக்கொள்ள முடிவு செய்தேன். முதலாளியே வந்து, "தம்பி நமக்கு வேண்டியவருங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் என் கௌரவம் எங்கேயோ போய்விடும். (போய்விட்டது. எங்கே என்பதுதான் வேறு விஷயம்.) கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கட்டும் என்று உரக்கக் கத்தினேன்.

"முதலாளியைக் கூப்பிடுங்க!"

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"என்னங்க பாக்கறீங்க? அர்த்தநாரியண்ணன் எங்க? நான் வந்திருக்கறேன்னு சொல்லுங்க. நானிருக்கறேன், கூட்டிக்கிட்டு வான்னு அவருதான சொன்னாரு!"

மொட்டை அடித்தவர் கையில் இருந்த குழம்பு வாளியைக் கீழே வைத்தார். முன்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். அவர் கை நீட்டிய இடத்தில் அந்தப் படம் இருந்தது.

படத்தில் அர்த்தநாரி சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சந்தனம். கழுத்தில் ரோஜா மாலை. எதிரே ஒரு இலையில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே வத்தக்குழம்பு.

மூன்று வாரம் முன்னால் தோளைத் தட்டிய கை! "நானிருக்கறேன்" என்று சொன்ன ஆள்! நான் சாப்பிட்டுவிட்டுப் போன அந்த வாரத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டாராம். (இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை அக்கா புருஷன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.) அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். 'வாங்க' சொல்லாததும், அகத்திக்கீரையும் பாகற்காயும் போட்டதும் அதனால்தான். கல்யாணம் பேச வந்த கூட்டத்தை நான் கருமாதிப் பந்தியில் உட்கார வைத்திருந்தேன்.

ராஜாமணி அம்மாளின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா இலையைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவில்லை. மூன்றாவது வரனும் போயிற்று என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அக்கா இனி என்னோடு பேசமாட்டாள், அம்மா சோறு போடமாட்டாள், அப்பா என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நான் எழுந்திருக்கப் போனேன்.

மோகனின் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உக்காருடா. எலையில சோத்த வெச்சுட்டு எந்திரிச்சா அந்தூட்டுக்கு அவமானம். எல்லாரும் பேசாம சாப்புடுங்க."

சாப்பிட்டோம். அப்படி ஒரு பந்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பன்னிரண்டு பேரும் கல்லாய்ச் சமைந்த முகத்தோடு அகத்திக்கீரையை மென்று விழுங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு எதிர் வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. மோகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அடக்க அடக்கத் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே இருந்து அர்த்தநாரியின் மனைவி எழுந்து வந்தார். அழுது சிவந்த கண். மோகன் பக்கத்தில் குனிந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழுவாத சாமி. போனவரு போயிட்டாரு. எந்த ஊரு கண்ணு நீயி? இப்படி உருகற அளவுக்கு அவரு மேல அத்தன பாசமா?"

மோகனுக்கு அது இன்னும் அதிகமாகிவிட்டது. அந்த அம்மா அவர் இலையில் ஒரு வடையை எடுத்து வைத்தார். எனக்கு மட்டும் தெரிந்தது, துண்டுக்குள்ளே அவர் அழவில்லை என்று. எனக்கு மட்டுமில்லை. பக்கத்தில் பார்த்தேன். குனிந்திருந்த அக்காவின் தோளும் அதே மாதிரி குலுங்கிக்கொண்டிருந்தது.

கை கழுவிவிட்டு எல்லோரும் தலையைக் குனிந்து வெளியே வந்தோம். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். எனக்குப் பதற்றத்தில் நாக்கு தானாக வேலை செய்தது.

"போயிட்டு வர்றோமுங்க" என்றேன். போதாதென்று, "இன்னொரு நாளைக்கும் வர்றோமுங்க" என்றேன்.

அப்பா என் முழங்கைக்கு மேலே கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "அடுத்த மாசம் மெஸ்ஸத் தொறந்துருவோம் சாமி. அப்ப வா" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அங்கேயே அழுதுவிடுவேன் போல இருந்தது.

சந்து முனையில் ராஜாமணி அம்மாள் நின்றார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம நான் பஸ் ஏற மாட்டேன். கட்டுன துணியோடவும் வர மாட்டேன்."

கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ரூம் கிடைக்குமா? நான் லாட்ஜ் லாட்ஜாக ஓடினேன். "குளிக்கறதுக்கு மட்டும் ரூமா? பன்னெண்டு பேருக்கா?" என்று ஒவ்வொரு மேனேஜரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், நான் அழுத அழுகையைப் பார்த்துப் பொதுக் குளியலறையைத் திறந்துவிட்டார். வெந்நீர் கிடையாது. வெளியே பனிமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. உள்ளே ஒவ்வொரு சொம்புக்கும் ராஜாமணி அம்மாள் "முருகா!" என்று அலறியது மாடி வரைக்கும் கேட்டது. அந்த முருகாவுக்கு நடுவில் என் பெயரும் கேட்டதாக ஞாபகம்.

பட்டுப் புடவையை நனைத்தாயிற்று, இனி எதைக் கட்டுவது? அம்மா ஒன்றும் பேசாமல் தன் பையைத் திறந்து, ஒரு கனகாம்பர நிற நூல் புடவையைக் கதவிடுக்கில் நீட்டினாள். உள்ளே சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மோகனின் அப்பாவுக்கு என் அப்பாவின் வேட்டி. மோகனுக்கு என் கட்டம் போட்ட லுங்கி. "ஊட்டையே காலி பண்ணிட்டு" வந்த அந்தப் பையால் மாப்பிள்ளை வீடு முழுவதும் எங்கள் வீட்டுத் துணியில் நின்றது. நாங்கள் ஈரத்தலையோடு, பிழிந்து கட்டிய துணியில் நடுங்கினோம்.

ஆளாளுக்குக் குளித்து முடிக்க வெகுநேரம் ஆனது. வராந்தாவில் காத்திருந்தபோது மோகனும் அக்காவும் முதல் முறையாகப் பேசியது என் காதில் விழுந்தது.

"உங்க தம்பி எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"இல்லீங்க. இன்னிக்குக் கொஞ்சம் அடக்கமா இருக்கறான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை.

இறங்கும் பஸ்ஸில் ராஜாமணி அம்மாள் எல்லா வளைவுகளிலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். பக்கத்தில் அம்மா மடியில் ஈரப் பட்டுப் புடவையை வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி சீட்டில் இருந்தேன். அடிவாரம் வந்து, மலைக்குளிர் விட்டு, சேலத்து வெயில் ஜன்னலில் அடித்தபோது அந்த அம்மாள் தன் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பொடவைய நான் எப்படிங்க திருப்பிக் குடுக்கறது?"

"அதுக்கென்னங்க, தொவைக்காமக்கூட குடுத்தனுப்புங்க" என்றாள் அம்மா.

"அதெப்படிங்க? ஒரு சுமங்கலி ஊட்டுப் பொடவையக் கட்டிக்கிட்டு, வெறுங்கையோட குடுத்தனுப்புவாங்களா? பூவும் பழமும் தட்டுல வெச்சு, நானே கொண்டாந்துதான் குடுக்கோணும். வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்களா?"

அம்மா பஸ்ஸிலேயே, அத்தனை பேர் முன்னால், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ராஜாமணி அம்மாள் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "அந்தக் கொழம்பு நல்லாத்தான இருந்துச்சு" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "ஆனா கல்யாணப் பந்திக்கு இந்தப் பையன் சமையக்காரரைப் புடிக்க வேண்டாமுங்க."

வெள்ளிக்கிழமை தட்டோடு வந்தார்கள். நான் தெருமுனையில் இருந்தே "வாங்க, வாங்க, வாங்க" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடினேன். அக்கா அன்றைக்கு வத்தக்குழம்பு வைத்தாள். அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைத்தார்கள். அர்த்தநாரியின் மனைவி மெஸ்ஸைத் திறந்த பிறகு நானே போய்க் கல்யாணப் பத்திரிகை வைத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது "வா" என்பதுதான்.

இத்தனை வருஷம் ஆகிவிட்டது. குடும்பமாக எங்கே போனாலும், எந்த ஓட்டல் வாசலிலும், மோகன் மாமா எல்லோரையும் நிறுத்திவிட்டுச் சொல்வார்: "மாப்ள, நீ மொதல்ல உள்ள போ. மொதலாளி உசுரோட இருக்காரான்னு பாத்துட்டு வந்து கூப்புடு."

அக்காவின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் இதற்குச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். ஆனால் நம் ஓட்டல்காரர்கள் இன்னும் கல்லாவுக்குப் பின்னால் ஸ்தாபகர் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்ததும் முதலில் நேராக அங்கேதான் போவேன். கல்லாவில் இருப்பவர் முறைத்தாலும் பரவாயில்லை என்று எட்டி அந்த மாலையைத் தொட்டுப் பார்ப்பேன். பிளாஸ்டிக்காக இருந்தால்தான் வெளியே திரும்பிக் கையசைப்பேன்.